முதலீட்டாளருடனான பேச்சு எங்கே நின்றது? அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

வளரும் நிறுவனங்களில் பங்குக்குப் பணம் போடும் துணிகர முதலீட்டாளரிடமிருந்து மறுப்பு வந்தவுடன் நிறுவனர்களில் பெரும்பாலோர் செய்யும் முதல் வேலை பிட்ச் டெக்கை (முதலீட்டாளருக்குத் தொழிலை விளக்கும் ஸ்லைடு தொகுப்பை) திருத்துவதுதான். வண்ணம் மாறும், ஸ்லைடுகளின் வரிசை மாறும், சந்தை அளவைக் காட்டும் வட்டங்கள் இன்னும் பெரிதாகும். பிழை டெக்கில்தான் என்றால் அந்த உழைப்பு பயன் தரும். ஆனால் பல நேரங்களில் பிழை டெக்குக்கு முன்னாலோ பின்னாலோ இருக்கிறது: பொருந்தாத நிதிக்கு எழுதியதில், வரையறை இல்லாமல் சொன்ன ஓர் எண்ணில், நிறுவனங்களின் பதிவாளரிடம் தாக்கல் செய்யாமல் விட்ட ஒரு படிவத்தில். ஆகவே எதையும் திருத்துவதற்கு முன், பேச்சு எந்தக் கட்டத்தில் நின்றது என்பதைக் கண்டறிய வேண்டும்.

அதற்கு ஒரு விரிதாள் போதும். எந்த நிதிக்கு எழுதினீர்கள், யார் அறிமுகம் செய்தார், பதில் வந்ததா, முதல் சந்திப்பு நடந்ததா, இரண்டாவது சந்திப்பு நடந்ததா, பார்ட்னர் (நிதியில் முடிவெடுக்கும் பங்குதாரர்) வரை போனதா என்பவற்றைத் தனித்தனிப் பத்திகளில் குறித்து, கடைசிப் பத்தியில் அவர்கள் சொன்ன வார்த்தைகளை அப்படியே எழுதி வையுங்கள். “பிடிக்கவில்லை போலிருக்கிறது” என்ற உங்கள் ஊகத்தை அங்கே எழுதாதீர்கள். இருபது முப்பது நிதிகளின் பெயர்கள் சேர்ந்ததும், பெரும்பாலானவை எந்தப் பத்தியில் நிற்கின்றன என்பது கண்ணுக்குத் தெரியும். அந்தக் கட்டத்துக்குரிய பகுதியைக் கீழே படியுங்கள். சட்டம் பற்றிய குறிப்புகள் இந்தியாவில் பதிவான பிரைவேட் லிமிடெட் நிறுவனத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை.

மின்னஞ்சலுக்குப் பதிலே வரவில்லை

முதலில் சரிபார்க்க வேண்டியது நீங்கள் எழுதிய கடிதத்தை அன்று, எழுதிய இடத்தை. இந்தியத் துணிகர நிதிகளில் பெரும்பாலானவை பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியின் 2012ஆம் ஆண்டு மாற்று முதலீட்டு நிதி விதிமுறைகளின்கீழ் பதிவு செய்யப்பட்டவை. இவை குறிப்பிட்ட ஆயுளுடன் தொடங்கி, அந்த ஆயுள் முடியும்போது தமக்குப் பணம் கொடுத்தவர்களிடம் அதைத் திருப்பித் தந்துவிட்டு மூடப்பட வேண்டியவை. எட்டு முதல் பத்தாண்டு ஆயுள் கொண்ட ஒரு நிதி, தன் புதிய முதலீடுகளை முதல் மூன்று நான்கு ஆண்டுகளிலேயே ஏறக்குறைய முடித்துவிடும். மிச்சப் பணத்தை ஏற்கெனவே முதலீடு செய்த நிறுவனங்களின் அடுத்த முதலீட்டுச் சுற்றுகளுக்காக ஒதுக்கி வைக்கும். எனவே ஐந்தாண்டுகளுக்கு முன்பு நிதி திரட்டி, அதன்பின் புதிய நிதி எதையும் அறிவிக்காத ஒரு நிறுவனத்துக்கு நீங்கள் எவ்வளவு நன்றாக எழுதினாலும் பதில் வர வாய்ப்பு குறைவு. அந்த நிதி கடைசியாக எப்போது ஒரு புதிய நிறுவனத்தில் முதலீடு செய்தது, முதல் காசோலை எவ்வளவு, உங்கள் துறையில் உங்களோடு போட்டியிடும் நிறுவனம் எதையாவது ஏற்கெனவே வைத்திருக்கிறதா என்ற மூன்று கேள்விகளுக்கும் செய்தி அறிவிப்புகளிலேயே விடை கிடைத்துவிடும். மூன்றாவது கேள்விக்கு ஆம் என்று விடை வந்தால் எழுதாதீர்கள். உங்கள் திட்டத்தைப் போட்டியாளரின் இயக்குநர் குழுவில் உட்கார்ந்திருப்பவரிடமே அனுப்பி வைத்ததாக ஆகிவிடும்.

இடம் சரியென்றால் வழியைப் பாருங்கள். அந்த நிதியிடம் பணம் வாங்கி நன்றாக நடத்திவரும் ஒரு நிறுவனரின் அறிமுகத்துக்கு உள்ள எடை, ஒரு மாநாட்டில் கைகுலுக்கியவரின் அறிமுகத்துக்கு இல்லை. அறிமுகம் செய்பவர் தானும் முதலீடு செய்யும் ஆளாக இருந்து, உங்கள் நிறுவனத்தில் முதலீடு செய்யாமல் அறிமுகம் மட்டும் தந்தால், “இவரே ஏன் போடவில்லை” என்ற கேள்வி உங்களுக்கு முன்பே அங்கே போய்ச் சேர்ந்துவிடுகிறது. அறிமுகம் கேட்கும்போது, அவர் ஒரு சொல்லும் சேர்க்காமல் அப்படியே முன்னனுப்பக்கூடிய தனி மின்னஞ்சலை நீங்களே எழுதிக் கொடுங்கள்.

இவை இரண்டும் சரியாக இருந்தால்தான் கடிதத்துக்கு வர வேண்டும். என்ன செய்கிறோம், யாருக்காகச் செய்கிறோம், இப்போது யார் பணம் கொடுத்து வாங்குகிறார்கள், எவ்வளவு திரட்டுகிறோம், அந்தப் பணம் எதை அடைய உதவும் என்ற ஐந்தும் ஐந்தாறு வாக்கியங்களில் வர வேண்டும். “புரட்சிகரமான தளம்” போன்ற தொடர்களை நீக்கிவிட்டு, அந்த இடத்தில் வாடிக்கையாளர் யார் என்பதை எழுதுங்கள். டெக்கை இணைத்தே அனுப்பலாம். இரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டால்தான் டெக் தருவேன் என்ற நிபந்தனை இந்தக் கட்டத்தில் பேச்சை அங்கேயே முடித்துவிடும், ஏனெனில் ஒரே துறையில் பல நிறுவனங்களைப் பார்க்கும் முதலீட்டாளர் அத்தகைய ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவது அரிது. டாக்செண்ட் என்ற ஆவணப் பகிர்வு நிறுவனம் 2015இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரு டெக்கைப் பார்க்க முதலீட்டாளர்கள் செலவிட்ட சராசரி நேரம் 3 நிமிடம் 44 நொடிதான். நீங்கள் அறைக்குள் இல்லாதபோது படிக்கப்படும் ஆவணம் அது. வாயால் விளக்கினால்தான் புரியும் ஸ்லைடு எதுவும் அதில் இருக்கக் கூடாது.

ஒரு வாரம் கழித்து ஒருமுறை நினைவூட்டலாம். அந்த நினைவூட்டலில் புதிய செய்தி ஒன்றாவது இருக்க வேண்டும். அதற்கும் பதில் இல்லையென்றால் அந்தச் சுற்றுக்கு அந்த நிதியை விட்டுவிட்டு அடுத்ததற்குச் செல்லுங்கள்.

முதல் சந்திப்பு நன்றாக நடந்தது, அதன்பின் மௌனம்

நிறுவனர்களை அதிகமாகக் குழப்புவது இதுதான். ஒரு மணி நேரம் சிரித்துப் பேசினார்கள், நல்ல கேள்விகள் கேட்டார்கள், “மிகவும் சுவாரசியமாக இருக்கிறது, தொடர்பில் இருப்போம்” என்றார்கள். பிறகு ஒன்றும் இல்லை. காரணம் எளிது. இன்று மறுத்த நிறுவனம் அடுத்த ஆண்டு வளர்ந்து நிற்கலாம் என்பதால், முதலீட்டாளருக்குக் கதவை முழுவதுமாக மூடுவதில் இலாபமில்லை. ஆகவே அவருடைய இன்சொல்லை அளவுகோலாகக் கொள்ளாதீர்கள். அவர் உங்களிடம் எதையாவது கேட்டாரா என்பதை மட்டும் பாருங்கள். மாதாந்தர வருவாய் விவரம், இரண்டு வாடிக்கையாளர்களின் தொலைபேசி எண், இன்னொருவருடன் சந்திப்பு: இவற்றில் ஏதாவது ஒன்றைக் கேட்டிருந்தால் பேச்சு உயிரோடு இருக்கிறது. எதையும் கேட்கவில்லையென்றால் அது மறுப்பு. அதை மறுப்பாகவே விரிதாளில் குறித்துவிடுவது உங்கள் மன அமைதிக்கும் நல்லது.

அடுத்த சந்திப்பிலிருந்து செய்ய வேண்டிய திருத்தம், கடைசி ஐந்து நிமிடத்தை நீங்கள் எடுத்துக்கொள்வது. “உங்கள் நிறுவனத்தில் இதற்கு அடுத்த படி என்ன, அதற்கு எங்களிடமிருந்து என்ன வேண்டும்?” என்றும், “இதுவரை கேட்டதில் உங்களுக்குத் தயக்கம் தருவது எது?” என்றும் நேராகக் கேளுங்கள். இரண்டாவது கேள்விக்குப் பலர் உண்மையான பதிலையே தருகிறார்கள்; கேட்காததால்தான் சொல்லாமல் போகிறார்கள்.

“இன்னும் கொஞ்சம் டிராக்‌ஷன் வரட்டும்”, அதாவது விற்பனையும் பயன்பாடும் இன்னும் வளரட்டும், என்ற பதிலையும் இதே முறையில் சோதிக்கலாம். எந்த எண், எந்த அளவுக்கு வந்தால் மீண்டும் பேசலாம் என்று கேளுங்கள். “பணம் கட்டும் வாடிக்கையாளர் ஐம்பது பேர், அதில் ஆறு மாதம் தாண்டியவர் முக்கால்வாசி” என்பது போன்ற பதில் வந்தால் அது நேர்மையான நிபந்தனை. அதைக் குறித்துக்கொண்டு, எட்டிய அன்று எழுதுங்கள். “பார்க்கலாம், பொதுவாக வளர்ச்சி வேண்டும்” என்று வந்தால் காரணம் வேறெங்கோ இருக்கிறது.

அந்த வேறிடம் பெரும்பாலும் இதுவாக இருக்கும்: உங்களைச் சந்தித்தவர் திங்கட்கிழமைக் கூட்டத்தில் தன் சக பார்ட்னர்களிடம் உங்கள் கதையைத் தன் வாயால் சொல்ல வேண்டும். அவரால் அதை இரண்டு வாக்கியத்தில் சொல்ல முடியாவிட்டால் அவர் அதை எடுக்கவே மாட்டார். உங்கள் துறையைச் சாராத நண்பர் ஒருவரிடம் பிட்ச்சைச் சொல்லுங்கள், மறுநாள் அவரையே திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். அவர் எதை மறந்தார், எதைத் தவறாகச் சொன்னார் என்பதிலேயே திருத்த வேண்டிய இடம் தெரிந்துவிடும்.

“சந்தை சிறியது” என்கிறார்கள்

இந்தப் பதிலைக் கேட்டதும் பெரும்பாலோர் ஓர் ஆய்வறிக்கையிலிருந்து பெரிய டாலர் தொகை ஒன்றை எடுத்து ஸ்லைடில் ஒட்டுகிறார்கள். அது நோயை மறைக்கும் மருந்து. முதலீட்டாளரின் கணக்கைப் புரிந்துகொண்டால்தான் இந்த மறுப்பின் பொருள் விளங்கும்.

₹500 கோடி கொண்ட ஒரு நிதியை எடுத்துக்கொள்வோம். அதற்குப் பணம் கொடுத்தவர்கள் பத்தாண்டு காத்திருப்பதற்கு ஈடாகக் குறைந்தது மூன்று மடங்கை, அதாவது ₹1,500 கோடியை எதிர்பார்க்கிறார்கள். நிதி இருபது இருபத்தைந்து நிறுவனங்களில் முதலீடு செய்யும். அவற்றில் பாதி போட்ட பணத்தையும் திருப்பித் தராது, இன்னும் சில போட்டதை மட்டும் தரும் என்று வைத்துக்கொண்டே அவர்கள் கணக்குப் போடுகிறார்கள். ஆக, வெற்றிபெறும் இரண்டு மூன்று நிறுவனங்களே ஏறக்குறைய முழுத் தொகையையும் ஈட்ட வேண்டும். அடுத்தடுத்த சுற்றுகளில் நிதியின் பங்கு குறைந்து கடைசியில் 10 விழுக்காடு கையில் நின்றால், ஒரு நிறுவனத்திலிருந்து ₹500 கோடி வருவதற்கு அந்த நிறுவனம் ₹5,000 கோடி மதிப்பை எட்டியாக வேண்டும். உங்கள் நிறுவனம் ₹200 கோடிக்கு விற்கப்பட்டால் உங்கள் குடும்பத்தின் தலையெழுத்தே மாறிவிடும். அந்த நிதியின் கணக்கில் அது ₹20 கோடி மட்டுமே. ஆண்டுக்கு ஏறக்குறைய 2 விழுக்காடு நிர்வாகக் கட்டணமும் அதே நிதியிலிருந்துதான் போகிறது. எனவே “சந்தை சிறியது” என்ற மறுப்பு உங்கள் தொழிலைப் பற்றிய தீர்ப்பாக இல்லாமல், அவர்களுடைய கணக்கில் உங்கள் தொழில் பொருந்தவில்லை என்ற தகவலாகவே பல நேரங்களில் இருக்கிறது.

பயணிகளுக்கு வீடுகளில் தங்குமிடம் ஏற்பாடு செய்யும் ஏர்பிஎன்பி தளத்தின் நிறுவனர்கள் 2008இல் 15 லட்சம் டாலர் மதிப்பீட்டில் 1,50,000 டாலர் திரட்ட முயன்று, ஏழு முதலீட்டாளர்களுக்கு அறிமுகம் செய்துவைக்கப்பட்டார்கள். ஐவர் மறுத்தார்கள், இருவர் பதிலே தரவில்லை. அந்த மறுப்புக் கடிதங்களை நிறுவனர்களில் ஒருவரான பிரையன் செஸ்கி 2015இல் வெளியிட்டார். தங்கள் முதலீட்டு முறைக்குத் தேவையான அளவு சந்தை பெரிதாகத் தோன்றவில்லை என்பது அவற்றில் ஒன்றின் சாரம். கணக்கு சரியாக இருந்தது, சந்தையைப் பற்றிய மதிப்பீடு தவறாக இருந்தது. உங்கள் நிலையில் இவற்றில் எது தவறு என்று கண்டறிவதுதான் வேலை.

அடியிலிருந்து கணக்கிடுங்கள். பல் மருத்துவமனைகளுக்கான மென்பொருளை ஆண்டுக்கு ₹12,000க்கு விற்கிறீர்கள், எட்டக்கூடியவை 10,000 மருத்துவமனைகள் என்றால், ஒருவர் விடாமல் எல்லோரும் வாங்கினாலும் ஆண்டு வருவாய் ₹12 கோடிதான். இங்கே மூன்று கேள்விகளே மிஞ்சுகின்றன. அதே வாடிக்கையாளரிடம் இன்னும் மதிப்புள்ள எதையாவது, மருந்துக் கொள்முதலையோ நோயாளிகளுக்கான தவணைக் கடனையோ, சேர்த்து விற்க முடியுமா? அதே பொருளை வேறு வகை மருத்துவமனைகளுக்கு விற்க முடியுமா? வேறு நாடுகளில் விற்க முடியுமா? 2010இல் சென்னையில் தொடங்கிய ஃபிரெஷ்டெஸ்க் என்ற நிறுவனம் தன் வாடிக்கையாளர் சேவை மென்பொருளை உலகெங்கும் உள்ள சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கு இணையம் வழியாகவே விற்றது; பின்னர் ஃபிரெஷ்வொர்க்ஸ் என்று பெயர் மாறி 2021 செப்டம்பரில் அமெரிக்கப் பங்குச் சந்தையான நாஸ்டாக்கில் பட்டியலிடப்பட்டது. இந்தியச் சந்தையை மட்டும் வைத்து அந்தப் பொருளுக்குக் கணக்குப் போட்டிருந்தால் விடை வேறாக இருந்திருக்கும்.

மூன்று கேள்விக்கும் விடை இல்லையென்றால், உங்கள் தொழிலுக்குத் துணிகர முதலீடு பொருந்தாது என்பதே சரியான முடிவாக இருக்கலாம். அந்த முடிவில் இழிவு ஏதுமில்லை. 1996இல் தொடங்கிய மென்பொருள் நிறுவனமான ஸோஹோ வெளியாரின் துணிகர முதலீட்டை வாங்காமலே வளர்ந்தது. வாடிக்கையாளரின் முன்பணத்திலும் வங்கிக் கடனிலும் இலாபத்திலும் வளர வேண்டிய ஒரு நல்ல தொழிலைத் துணிகர நிதியின் வேகத்துக்கு இழுத்தால், தொழிலே உடைந்துவிடும்.

எண்களைக் கேட்டதும் பேச்சு தடுமாறுகிறது

இந்தப் பகுதியை விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது, ஏனெனில் நல்ல தொழில்களைக்கூட முதலீட்டாளர் சந்தேகிக்கத் தொடங்கும் இடம் இதுதான். நிறுவனர் பொய் சொல்கிறார் என்று அவர் நினைப்பதில்லை. தன் தொழிலின் எண்களை இவர் தெரிந்து வைத்திருக்கவில்லை என்று நினைக்கிறார். பணத்தை ஒப்படைக்கும் ஒருவருக்கு இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு கவலை தரும்.

முதலில் வருவாய். வங்கிக் கணக்கில் வந்த ₹11.8 லட்சத்தை வருவாய் என்று சொன்னீர்கள். அதில் 18 விழுக்காடு ஜிஎஸ்டி சேர்ந்திருக்கிறது. வருவாய் ₹10 லட்சம்தான். உங்கள் தளத்தின் வழியே ₹1 கோடிக்குப் பொருள்கள் விற்றன, உங்கள் கமிஷன் 12 விழுக்காடு. உங்கள் வருவாய் ₹12 லட்சம், ₹1 கோடி என்பது மொத்த வணிக மதிப்பு மட்டுமே. ஒரு வாடிக்கையாளர் ஓராண்டுச் சந்தா ₹12 லட்சத்தை மார்ச்சில் மொத்தமாகக் கட்டினார். உங்கள் மாதாந்தரத் தொடர் வருவாயில் அது ₹1 லட்சம்தான் சேரும். கையெழுத்தான விருப்பக் கடிதமும் இலவச முன்னோட்டமும் வருவாயில் சேராது. இந்த நான்கில் ஒன்று தவறினாலும், பிறகு அனுப்பும் வங்கி அறிக்கையும் ஜிஎஸ்டி தாக்கலும் டெக்கோடு ஒத்துப்போகாது, அந்த முரண்பாட்டைக் கண்டுபிடிப்பவர் நீங்களாக இருக்க மாட்டீர்கள்.

அடுத்தது வாடிக்கையாளர் விலகல். “மாதம் 5 விழுக்காடுதான் போகிறார்கள்” என்று பெருமையாகச் சொல்லும் நிறுவனர்கள் இருக்கிறார்கள். மாதம் 5 விழுக்காடு விலகினால் ஆண்டு முடிவில் நூற்றில் 54 பேர்தான் மிஞ்சுவார்கள். ஏறக்குறைய பாதிப் பேரைப் புதிதாகப் பிடித்தால்தான் இருந்த இடத்திலாவது நிற்க முடியும். சராசரியைச் சொல்வதைவிட, ஜனவரியில் சேர்ந்தவர்களில் ஜூலையில் எத்தனை பேர் இருக்கிறார்கள், பிப்ரவரியில் சேர்ந்தவர்களில் ஆகஸ்டில் எத்தனை பேர் என்று சேர்ந்த மாதம் வாரியாக ஓர் அட்டவணை போடுங்கள். பின்னால் சேர்ந்தவர்கள் முன்னால் சேர்ந்தவர்களைவிட நிலைத்திருந்தால், பொருள் மேம்படுகிறது என்பதற்கு அதைவிட வலுவான சான்று இல்லை.

ஒரு வாடிக்கையாளரைப் பிடிக்க ஆகும் செலவில் விளம்பரச் செலவை மட்டும் கணக்கிடுவது மூன்றாவது பிழை. விற்பனையாளரின் சம்பளம், பயணம், தள்ளுபடி, விற்பனையில் நீங்கள் செலவிடும் நேரம் ஆகியவையும் அதில் அடங்கும். ஆயுள் மதிப்பை (ஒரு வாடிக்கையாளர் விலகும்வரை மொத்தமாக ஈட்டித் தருவதை) கணக்கிடும்போது வருவாயை மட்டும் எடுக்காமல் மொத்த இலாப விகிதத்தோடு பெருக்கி எடுங்கள்: மாதம் ₹1,000 கட்டும் வாடிக்கையாளர், 70 விழுக்காடு இலாப விகிதம், மாத விலகல் 5 விழுக்காடு என்றால் ஆயுள் மதிப்பு ₹14,000. இலாப விகிதத்தை மறந்தால் அதுவே ₹20,000 ஆகிவிடும்.

திருத்தம் செய்யும் முறை இது. டெக்கில் வரும் ஒவ்வொரு எண்ணுக்கும் வரையறை, எந்தத் தேதி வரை, எந்த ஆவணத்திலிருந்து எடுத்தது என்ற மூன்றையும் ஒரு பக்கத்தில் எழுதுங்கள். ஆவணம் காட்ட முடியாத எண்ணை டெக்கிலிருந்து நீக்குங்கள். கேள்விக்கு விடை தெரியாவிட்டால், “இந்த எண் இப்போது என்னிடம் இல்லை, நாளை மாலைக்குள் அனுப்புகிறேன்” என்று சொல்லி, சொன்ன நேரத்துக்குள் அனுப்புங்கள். ஊகித்துச் சொன்ன எண்ணைவிட இது நூறு மடங்கு நல்லது.

எண்ணை ஊதிப் பெருக்குவது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குச் சான்று வேண்டுமென்றால், கல்வி நிதியுதவிக்கு விண்ணப்பிக்க மாணவர்களுக்கு உதவிய ஃபிராங்க் என்ற அமெரிக்க நிறுவனத்தைப் பாருங்கள். 40 லட்சத்துக்கும் மேற்பட்ட பயனர்கள் இருப்பதாகச் சொல்லி 2021இல் ஜேபி மார்கன் சேஸ் வங்கிக்கு 17.5 கோடி டாலருக்கு விற்கப்பட்டது. உண்மையான எண்ணிக்கை 3 லட்சத்துக்கும் குறைவு. அதன் நிறுவனர் மோசடிக் குற்றவாளி என்று 2025 மார்ச்சில் நீதிமன்றத்தில் முடிவானது.

தமிழ்நாட்டிலிருந்து செல்லும் நிறுவனர்கள் சிலர் இந்தத் தடுமாற்றத்துக்கு ஆங்கிலத்தைக் காரணம் காட்டுகிறார்கள். நான் கேட்டவரை அது அரிதாகவே உண்மை. கேள்விக்கு முதல் வாக்கியத்திலேயே விடையைச் சொல்லிவிட்டுப் பிறகு விளக்குபவரின் இலக்கணத்தை யாரும் கவனிப்பதில்லை. விடையைத் தேடிக்கொண்டே விளக்குபவர் எந்த மொழியிலும் தடுமாறத்தான் செய்வார். தமிழ் தெரிந்த பார்ட்னர் என்றால் தமிழிலேயே பேசலாமா என்று தயங்காமல் கேளுங்கள்.

அசோசியேட்டுக்குப் பிடித்திருக்கிறது, பார்ட்னரிடம் நின்றுவிட்டது

நிதியின் இளநிலை ஊழியர்களான அனலிஸ்டும் அசோசியேட்டும் நிறுவனங்களைத் தேடுவார்கள், ஆராய்வார்கள், பரிந்துரைப்பார்கள். முடிவு முதலீட்டுக் குழுவினுடையது. அவர்களை மரியாதையோடு நடத்துங்கள், உங்கள் வழக்கை உள்ளே எடுத்துச் செல்பவர்கள் அவர்கள்தான். ஆனால் மூன்றாவது சந்திப்பும் அசோசியேட்டுடன் மட்டுமே என்றால், பார்ட்னர் எப்போது வருவார் என்று கேட்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. குழுக் கூட்டத்துக்கு முன், அங்கே எழக்கூடிய கடினமான மூன்று கேள்விகள் எவை என்று அசோசியேட்டிடமே கேட்டு, அவற்றுக்கு ஒரு பக்கத்தில் எழுத்து வடிவில் விடை கொடுங்கள். குழுவில் நீங்கள் இல்லாதபோது அந்தப் பக்கம்தான் உங்களுக்காகப் பேசும்.

மதிப்பீட்டைப் பேசத் தொடங்கியதும் இழுபறி

பல இழுபறிகளின் வேர், இரு தரப்பும் ஒரே சொல்லுக்கு வெவ்வேறு கணக்கை வைத்திருப்பது. ₹4 கோடி முதலீடு, “மதிப்பீடு ₹20 கோடி” என்று பேசுகிறீர்கள். அது முதலீட்டுக்குப் பிந்தைய மதிப்பென்றால் முதலீட்டாளருக்கு 20 விழுக்காடு. முந்தைய மதிப்பென்றால் 16.67 விழுக்காடு. ஊழியர்களுக்குத் தர ஒதுக்கிவைக்கும் பங்குத் தொகுப்பு 10 விழுக்காட்டை முதலீட்டுக்கு முன்பே உருவாக்க வேண்டும் என்று டெர்ம் ஷீட் (முதலீட்டின் முக்கிய நிபந்தனைகளைச் சுருக்கிச் சொல்லும் ஆவணம்) சொன்னால், பிந்தைய மதிப்பு ₹20 கோடியாகவே இருந்தாலும் நிறுவனர்களின் பங்கு 80இலிருந்து 70 விழுக்காட்டுக்கு இறங்குகிறது. மதிப்பீட்டை மட்டும் பார்த்துக் கைகுலுக்கியவர் இதைப் பின்னால் பார்த்து வருந்துவார்.

மதிப்பீட்டைவிட அதிக விளைவு தரும் இன்னொரு பிரிவு, நிறுவனம் விற்கப்படும்போது யார் முதலில் பணம் எடுப்பது என்பது. அதே முதலீட்டாளர் ஒரு மடங்கு முன்னுரிமை பெற்று, அதோடு மிச்சத்தில் பங்கு கேட்காதவர் என்றால், ₹10 கோடிக்கு விற்பனை நடக்கும்போது தன் ₹4 கோடியை எடுத்துக்கொள்வார்; ₹30 கோடிக்கு நடந்தால் முன்னுரிமையை விட்டுவிட்டு 20 விழுக்காட்டுச் சாதாரணப் பங்காக மாற்றி ₹6 கோடி பெறுவார். மிச்சத்திலும் பங்கு கேட்கும் பிரிவாக இருந்தால் அதே ₹30 கோடியில் முதலில் ₹4 கோடி, பின்பு மீதமுள்ள ₹26 கோடியில் 20 விழுக்காடு, ஆக ₹9.2 கோடி அவருக்குப் போகும். டெர்ம் ஷீட்டில் ஒரே ஒரு சொற்றொடர் செய்யும் வேறுபாடு இது. நிறுவனச் சட்டம் தெரிந்த வழக்கறிஞருக்குக் கட்டணம் கொடுப்பதில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

எவ்வளவு திரட்டுகிறீர்கள் என்ற கேள்விக்கு, “₹3 கோடி முதல் ₹10 கோடி வரை” என்ற விடையும் இழுபறியை உண்டாக்கும். பதினெட்டு மாதத்தில் எந்த நிலையை எட்ட வேண்டும், அதற்கு எத்தனை பேர், எவ்வளவு செலவு என்று கணக்கிட்டு ஒரே தொகையைச் சொல்லுங்கள்.

டெர்ம் ஷீட் வந்துவிட்டது, பணம் வரவில்லை

டெர்ம் ஷீட்டில் இரகசியம் காத்தல், குறிப்பிட்ட காலத்துக்கு வேறு முதலீட்டாளருடன் பேசாதிருத்தல் போன்ற சில பிரிவுகளே பொதுவாகச் சட்டப்படி கட்டுப்படுத்தும். முதலீடு செய்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் அதில் இராது. அதன்பின் வரும் ஆவணச் சோதனையில் பேச்சு நின்றால், காரணம் பெரும்பாலும் நிறுவனம் தொடங்கிய முதல் ஆண்டில் இருக்கும்.

மென்பொருளின் உரிமை யாரிடம் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். ஊழியர் வேலையின் பகுதியாக எழுதிய நிரலின் பதிப்புரிமை, 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, மாறான ஒப்பந்தம் இல்லாதவரை நிறுவனத்துக்கு உரியது. ஆனால் ஒப்பந்த முறையில் எழுதிக் கொடுத்த ஃப்ரீலான்சரிடமிருந்தோ, நிறுவனம் பதிவாகும் முன்பே எழுதிய நிறுவனரிடமிருந்தோ எழுத்து மூலமான உரிமை மாற்றம் தேவை. அந்த ஆவணத்தில் காலம் குறிப்பிடப்படாவிட்டால் உரிமை ஐந்தாண்டுக்கு மட்டுமே, இடம் குறிப்பிடப்படாவிட்டால் இந்தியாவுக்கு மட்டுமே என்று சட்டம் கொள்ளும். இணையத்தில் கிடைத்த மாதிரிப் படிவத்தில் கையெழுத்து வாங்கியவர்கள் இந்த இரண்டு வரிகளையும் இன்றே தேடிப் பாருங்கள்.

அடுத்து, விலகிப்போன துணை நிறுவனர். முதல் ஆண்டிலேயே விலகியவர் 30 விழுக்காடு பங்கை இன்னும் வைத்திருந்தால் எந்த முதலீட்டாளரும் தயங்குவார். நான்கு ஆண்டுகளில் பங்குரிமை சிறிது சிறிதாக முதிர்ந்து முழுமையாக அவருடையதாகும், முதல் ஓராண்டு முடியும்வரை எதுவும் முதிராது என்ற ஏற்பாட்டைத் தொடக்கத்திலேயே எழுதியிருந்தால் இது வந்திருக்காது. எழுதவில்லையென்றால், அவரோடு பேசிப் பங்கைத் திரும்ப வாங்கும் வேலையை முதலீட்டாளரைத் தேடுவதற்கு முன்பே முடியுங்கள். வாய்ச்சொல்லாகத் தந்த பங்கு வாக்குறுதிகள் அனைத்தையும் கேப் டேபிளில் (யாருக்கு எத்தனை பங்கு என்ற பட்டியலில்) வெளிப்படையாகக் காட்டுங்கள்.

முந்தைய சுற்றில் தனிநபர்களிடம் பணம் வாங்கியிருந்தால், தேர்ந்தெடுத்த சிலருக்கு மட்டும் பங்கு விற்பதை ஒழுங்குபடுத்தும் நிறுவனங்கள் சட்டம் 2013இன் 42ஆம் பிரிவைப் பின்பற்றினீர்களா என்று சரிபாருங்கள். பணம் பெற்ற 60 நாளுக்குள் பங்கு ஒதுக்க வேண்டும். ஒதுக்கிய 15 நாளுக்குள் அதைப் பதிவாளருக்குத் தெரிவிக்கும் பிஏஎஸ்-3 படிவத்தைத் தாக்கல் செய்ய வேண்டும். அதுவரை அந்தப் பணத்தைச் செலவிடக் கூடாது. வெளிநாட்டிலிருந்து வந்த பணமென்றால், பங்கு ஒதுக்கிய 30 நாளுக்குள் ரிசர்வ் வங்கிக்கு அந்த ஒதுக்கீட்டைத் தெரிவிக்கும் எஃப்சி-ஜிபிஆர் படிவம் போயிருக்க வேண்டும். தவறியிருந்தால் நிறுவனச் செயலரைக் கொண்டு தாமதக் கட்டணத்துடனோ உரிய சமரச நடைமுறையிலோ சரிசெய்து, சோதனையில் அவர்களே கண்டுபிடிப்பதற்கு முன் நீங்களே சொல்லிவிடுங்கள். முன்கூட்டியே சொன்ன குறையை வழக்கறிஞர் ஒரு நிபந்தனையாக எழுதிவிட்டு நகர்ந்துவிடுவார். அவரே தோண்டி எடுத்த குறை, இன்னும் என்னென்ன இருக்குமோ என்ற ஐயத்தைக் கிளப்பும். நியாய மதிப்பைவிட அதிக விலைக்குப் பங்கு விற்றுத் திரட்டிய பணத்தின்மீது விதிக்கப்பட்டு, நிறுவனர்களைப் பல ஆண்டுகள் வாட்டிய ஏஞ்சல் வரி 2024 ஜூலை பட்ஜெட்டில் நீக்கப்பட்டுவிட்டாலும், அதற்கு முந்தைய சுற்றுகளின் மதிப்பீட்டு அறிக்கைகளைத் தூக்கி எறியாதீர்கள். பழைய ஆண்டுகளைப் பற்றிய கேள்வி இன்னும் வரலாம்.

முதலீடு செய்தவர் இப்போது விலகி நிற்கிறார்

பணம் வந்தபின் கடிதம் எழுதுவதை நிறுத்திவிடும் நிறுவனர்கள் பலர். விற்பனை குறைந்த மாதத்தில் எழுதக் கூச்சம். அடுத்த மாதம் சரியாகிவிடும், அப்போது சேர்த்து எழுதலாம் என்று தள்ளிப்போடுகிறார்கள். மூன்று மாதம் கழித்து, கையிருப்பு முடியும் தறுவாயில் வரும் முதல் கடிதமே உதவி கேட்கும் கடிதமாக இருந்தால் எந்த முதலீட்டாளரும் பின்வாங்குவார்.

மாதந்தோறும் ஒரே தேதியில் ஒரு பக்கம் எழுதுங்கள். வங்கியில் உள்ள பணம், மாத நிகரச் செலவு, அது எத்தனை மாதம் தாங்கும் என்ற மூன்றும் முதல் வரியில் வரட்டும்: ₹60 லட்சம் கையில், மாதம் ₹7.5 லட்சம் குறைகிறது, எட்டு மாதம் இருக்கிறது. ஒரு சுற்று முடிய ஆறு மாதமாவது ஆகலாம் என்பதால், எட்டு மாதம் என்பது உடனே பேச வேண்டிய நிலை. அதன்பின் சென்ற மாதம் சொன்ன இலக்கும் உண்மையில் நடந்ததும் பக்கத்தில் பக்கத்தில். எது தவறியது, ஏன் தவறியது, அதற்கு என்ன செய்கிறீர்கள் என்பது தெளிவாக. எண்களின் வரையறையை மாதத்துக்கு மாதம் மாற்றாதீர்கள். மாற்றியே ஆக வேண்டுமென்றால் பழைய முறையிலும் ஒருமுறை காட்டுங்கள்.

பெரிய வாடிக்கையாளர் போய்விட்டார், துணை நிறுவனர் விலகுகிறார் போன்ற செய்திகளுக்கு மாதக் கடிதம் வரை காத்திருக்கக் கூடாது. அன்றே தொலைபேசியில் சொல்லிவிட்டு, அன்று மாலையே எழுத்தில் அனுப்புங்கள். உதவி கேட்கும்போது “உங்களால் முடிந்த உதவி” என்று எழுதினால் ஒன்றும் நடக்காது. இன்ன நிறுவனத்தின் கொள்முதல் தலைவரிடம் இருபது நிமிடச் சந்திப்பு வேண்டும், அவருக்கு முன்னனுப்ப வேண்டிய கடிதம் கீழே இருக்கிறது என்று எழுதுங்கள். இப்போது முதலீடு செய்யாவிட்டாலும் நல்ல கேள்வி கேட்டுவிட்டு மறுத்த முதலீட்டாளர்களின் ஒப்புதலைப் பெற்று, இரகசிய விவரங்களை நீக்கிய சுருக்கமான வடிவத்தை மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவர்களுக்கும் அனுப்பலாம். அடுத்த சுற்றுக்கு எழுதத் தொடங்கும்போது விரிதாளின் முதல் வரிசைகளில் இருக்க வேண்டியவர்கள் அவர்கள்தான்.